வந்தவர் யார் என்று எழுதவில்லை

பெரும்பாக்கம்
5 அக்டோபர் 2025

மரியாதைக்குரிய ஜெரூஷா மேடம் அவர்களுக்கு,

சட்டக் கல்லூரி கேட்டில் வாட்ச்மேனாக நின்ற குப்புராஜ் எழுதுவது. நானே எழுதுவது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பியூலா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் கை வைக்கவில்லை. உறைமேல் இங்கிலீஷ் விலாசம் மட்டும் அவர் எழுதுவார். அதன் கீழே தமிழில் நான் எழுதுவேன். போபால் என்று எழுதுவது சுலபம். உங்கள் விடுதியின் பெயர்தான் கஷ்டம்.

"எழுத்து வந்ததும் முதல் கடிதம் எனக்குத்தான், போனில் பேசித் தப்பிக்கக் கூடாது" என்று நீங்கள் கிளம்பிய அன்று சொன்னீர்கள். தப்பிக்கவில்லை.

மேடம், இப்போது நான் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். தாம்பரம் பஸ் வந்தால் யாரையும் கேட்காமல் ஏறுகிறேன். உப்பு பாக்கெட்டின் மேல் உப்பு என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதுதான் தெரிகிறதே, எதற்கு எழுதினார்கள் என்று கடையிலேயே சிரித்துவிட்டேன். எங்கள் பிளாக் பின்சுவரில் "இங்கே குப்பை கொட்டாதீர்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இங்கே குடிவந்த நாளிலிருந்து நான் அங்கேதான் கொட்டினேன்.

கிளம்பும்போது உங்கள் வகுப்பில் மிச்சமான ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தீர்கள். எல்லாத் தாளிலும் ஒரு பக்கம் ஒரே அச்சு, மறு பக்கம் வெள்ளை. "வெள்ளைப் பக்கத்துல எழுதிப் பழகுங்கண்ணா" என்றீர்கள். இந்தக் கடிதமும் அதில்தான். ஆனால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, அச்சுப் பக்கத்தையும் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு வரிதான் ஓடுகிறது. பாதி வரை வந்துவிட்டேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாம் மாடியில் பச்சையம்மா என்பவர் தனியாக இருக்கிறார், கணவர் பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போனார், ஏழு வருஷம் தகவலே இல்லை, இறந்ததாகக் கருதி வீட்டை அவர் பெயருக்கு மாற்றக் கோர்ட் அனுமதித்தது என்று போட்டிருக்கிறது. இது எங்கள் பிளாக் பச்சையம்மாவேதான்! ரோட்டோரம் மீன் விற்பவர். படியேறிப் போய்க் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது, நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"யாருய்யா அந்த மேடம்? என் கதைய அவங்களாண்ட யார் சொன்னது? நீயா?"

"நான் ஏம்மா சொல்றேன்? எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், கோர்ட்டுக்குப் போனன்னு."

"நான் யாராண்டயும் சொல்லலியே" என்றார். அப்புறம் மீனைக் கழுவப் போய்விட்டார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? மீதியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் வேலை நல்லபடி நடக்கட்டும்.

இப்படிக்கு,
குப்புராஜ்


போபால்
16 அக்டோபர் 2025

அன்புள்ள குப்புராஜ் அண்ணா,

உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் எல்லாருக்கும் காட்டினேன். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் காட்டினேன்.

ஆனால் அண்ணா, அது செய்தி இல்லை. நான் கற்பனையாக எழுதிய கணக்கு. கணக்கு வாத்தியார் 'ஒருவன் பத்து மாம்பழம் வாங்கினான்' என்று சொல்வதில்லையா? அந்த மாம்பழம் எந்தக் கடையிலும் இல்லை. சட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்படி ஆளையும் வீட்டையும் இட்டுக்கட்டி, கடைசியில் ஒரு கேள்வி கேட்போம். இலவச சட்ட உதவி முகாமுக்குப் போகிற பிள்ளைகள் தமிழில் பேசிப் பழக வேண்டும் என்று அதைத் தமிழில் எழுதினேன். பச்சையம்மா என்று ஏதோ ஒரு பெயர் வைத்தேன். உங்கள் பிளாக்கில் ஒரு பச்சையம்மா இருப்பது தற்செயல். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். தயவுசெய்து மீதியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

என் வேலை நல்லபடி நடக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஃபெலோஷிப் இரண்டு வருஷம். ஒரு வருஷம் பாடம் நடத்துவது, உங்கள் கேட் வழியாக வந்து போனேனே, அது. இரண்டாம் வருஷம் இங்கே வந்து ஆராய்ச்சி. ஜனவரியில் என் கட்டுரையைத் தேர்வுக் குழுவின் முன்னால் வாசிக்க வேண்டும். பிடித்தால் நிரந்தர ஆசிரியர் வேலை. பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலையூருக்கு, அம்மாவிடம்.

அந்தக் கணக்குதான் கட்டுரையின் உயிர். எங்கள் இயக்குநர் ஷ்யாம்சுந்தர் சார் ரொம்பப் பாராட்டினார். "எந்தப் பக்கமும் சாயாத கேள்விம்மா. ஒரு வரி கூடச் சேர்த்துடாதே" என்றார். கணக்கின் பின்பாதியில் ஒருவர் வருகிறார், வந்தவர் யார் என்று நான் முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்தால் மாணவர்கள் வாதாட எதுவும் மிஞ்சாது.

ஏழு வருஷம் தகவல் இல்லாதவர்களைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், கேட்டில் ஒருநாள் சொல்லி அழுதேனே. அப்பா ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குக் கிளம்பினார். "போய்ட்டு வரேம்மா" என்றார். நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு அப்பா பெயரில் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, விற்கவும் முடியவில்லை, கடன் வாங்கவும் முடியவில்லை. கோர்ட்டில் மனுப் போடலாம், நீயும் கையெழுத்துப் போடு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று. வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவரை, அண்ணா, நான் எப்படி அப்படி எழுதிக் கொடுப்பேன்?

எழுத்து அழகாக இருக்கிறது. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெரூஷா


பெரும்பாக்கம்
9 நவம்பர் 2025

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

நலம். மழை. கீழே தண்ணீர் நிற்கிறது.

நீங்கள் கற்பனை என்று எழுதியதைப் பச்சையம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "அப்போ என் புருஷனும் கற்பனதானா? என்ன அட்சானே, அதுவும் கற்பனதானா?" என்றார். பிறகு நான் மீதியைப் படிக்க ஆரம்பித்தேன். அவருக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்குள்ளேயே படித்தேன்.

'ஒரு நாள் பிற்பகல் ஒருவர் கதவைத் தட்டி, நான்தான் உன் கணவன் என்றார். பச்சையம்மா இல்லை என்றார். வந்தவர் கீழே படியடியில் காத்திருந்தார்.'

இந்த மூன்று வரியையும் செவ்வாய்க்கிழமை படித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அவர் வந்துவிட்டார்.

நான் கீழே காய்கறி வண்டிக்காரனிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். படியடியில் ஓர் ஆள் நிற்கிறார். எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"இன்னாபா, யார் வேணும்?" என்றேன்.

"ஆறாவது மாடி. பச்சையம்மா."

"நீ யாரு?"

"அத்த அவங்கதான் சொல்லணும்."

குடிகாரன் மாதிரியும் இல்லை. வாசனை எதுவும் வரவில்லை, மேடம். குடி வாசனையும் இல்லை, வேர்வை வாசனையும் இல்லை. மழையில் வந்த ஆளிடம் ஈரத் துணி வாசனையாவது வர வேண்டுமே.

"எந்த ஊர்லேர்ந்து வர்ற?"

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "அது தெரியல" என்றார்.

"சாப்ட்டியா?"

அதற்கும் யோசித்தார். "தெரியல."

மேலே போனார், தட்டினார். பச்சையம்மா கிரில் கதவைத் திறக்காமல் பார்த்தார். நான் பின்னாலேயே ஏறி நின்றேன். வந்தவர் அச்சில் இருந்ததை அப்படியே சொன்னார். பச்சையம்மா "இல்ல" என்று மட்டும் சொன்னார். அவர் இறங்கி வந்து படியடியில் நின்றார். உட்காரவில்லை. இன்று ஞாயிறு. இன்னும் நிற்கிறார்.

அச்சில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. படிக்கவா வேண்டாமா என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
குப்புராஜ்


போபால்
19 நவம்பர் 2025

குப்புராஜ் அண்ணா,

இது விளையாட்டுக்குரிய விஷயம் இல்லை. அந்தத் தாளை யார் யாரிடம் காட்டினீர்கள்? பியூலா டீச்சர் வகுப்பில் உரக்கப் படித்தீர்களா? யாரோ கேட்டுவிட்டு, தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டைப் பிடுங்கத் திட்டம் போடுகிறான். இதில் அதிசயம் எதுவும் இல்லை. அவனிடம் ஆதார் கேளுங்கள். போலீசைக் கூப்பிடுங்கள். உங்கள் பிளாக் சங்கத்தில் ஒருவர் இருக்கிறாரே, காலேப், அவரிடம் சொல்லுங்கள். பச்சையம்மா கதவைத் திறக்கக் கூடாது.

கோபமாக எழுதிவிட்டேன். நாளை ஷ்யாம்சுந்தர் சார் முன்னால் ஒத்திகை. இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. தாளைத் திருப்பினால் என்னுடைய அச்சு. அதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இந்தத் தடவை படிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. அந்த ஆளுக்கு என்ன வயது இருக்கும்?

ஜெரூஷா


பெரும்பாக்கம்
30 நவம்பர் 2025

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

நான் உரக்கப் படிக்கவில்லை. எனக்கு உரக்கப் படிக்க இன்னும் வெட்கம்.

நீங்கள் சொன்னபடி காலேப்பிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், யாருக்கும் பயப்பட மாட்டார். நாலு பேரோடு வந்து ஆதார் கேட்டார். அந்த ஆள் சட்டைப் பையில் கை விட்டார். கை உள்ளே போகவில்லை. பை இருக்கிறது, தைத்திருக்கிறது, பித்தான் கூட இருக்கிறது. ஆனால் அதற்கு உள்ளே என்று எதுவும் இல்லை. காலேப் தானே விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இன்று வரை அந்தப் படி வழியாக வருவதில்லை, அடுத்த பக்கம் சுற்றிக்கொண்டு போகிறார். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். நின்று பார்த்தார். "நிக்கிறது குத்தமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

படிக்கவா வேண்டாமா என்று நீங்கள் எழுதவில்லை, பொறுக்க முடியாமல் அச்சை முடித்துவிட்டேன். 'வந்தவர் பச்சையம்மாவின் இடது காலில் உள்ள தழும்பைச் சரியாகச் சொன்னார். திருமணம் திருநீர்மலைக் கோயிலில் நடந்தது என்றார், அது தவறு.' அவரிடம் என்ன கேட்டாலும் இந்த இரண்டையும்தான் சொல்கிறார். தாம்பரம் ஸ்டேஷன் மைக்கில் ஒரே குரல் திரும்பத் திரும்பச் சொல்லுமே, அப்படி. தழும்பு நிஜமாகவே இருக்கிறது. கல்யாணம் நடந்தது திருநீர்மலையில் இல்லை, அவர் மாமியார் வீட்டு வாசலில். இரண்டும் அச்சுப்படியே.

கடைசி வரி, 'இரு தரப்பிலும் வாதிடுக.' அதைப் படித்த மறுநாளிலிருந்து எங்கள் பிளாக்கில் வேறு பேச்சே இல்லை. பால்காரர் அவன்தான் புருஷன் என்கிறார். அயர்ன் கடைக்காரர் இல்லை என்கிறார். சாயங்காலம் பார்த்தால் பால்காரர் இல்லை என்கிறார், அயர்ன் கடைக்காரர் ஆமாம் என்கிறார். காலையில் என்ன சொன்னோம் என்பது அவர்களுக்கே ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டு முனியம்மா சோற்றைக் கிளறிக்கொண்டே, "நிரூபிக்கிற பொறுப்பு வந்தவன் தலைலதான்" என்கிறாள். அந்த வார்த்தையை அவள் எங்கே கற்றாள்?

பச்சையம்மா மீன் விற்கப் போவதில்லை. இறங்கினால் அவரைத் தாண்டிப் போக வேண்டும். நான்தான் அரிசி, தண்ணீர் கேன் கொண்டுபோகிறேன். நேற்று என்னிடம் சொன்னார்: "அவன் என் புருஷன் இல்ல குப்புராஜண்ணா. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மேலேர்ந்து பாத்துகினே இருந்தா ஆமான்னு தோணுது. அதான் பயமா கீது. இன்னும் நாலு நாள் பாத்தேன்னா தொறந்துடுவேன்."

வயது கேட்டீர்கள். பச்சையம்மா கண்ணுக்கு நாற்பது சொச்சம், அவர் புருஷன் போனபோது இருந்த வயது. இரண்டாம் மாடி கிறிஸ்டி கண்ணுக்கு இருபது, ரயிலிலிருந்து விழுந்து ஆளே கிடைக்காமல் போன அவர் தம்பி மாதிரியாம். கிறிஸ்டி இந்தப் பக்கம் வந்தாலே அழுகிறார். பார்க்கிறவருக்கு ஒரு வயது. எனக்கு மட்டும் அவர் யார் மாதிரியும் இல்லை. எனக்குக் காணாமல் போனவர்கள் யாரும் கிடையாது மேடம். எல்லாரும் என் கண்ணெதிரே செத்தார்கள், நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கு அவர் வெறும் ஆள். பாவமாக இருக்கிறது.

நேற்று அவரே என்னிடம் கேட்டார், "நான் யாருன்னு எழுதியிருக்கு?"

"எழுதலபா" என்றேன்.

"ஏன்?"

மேடம், நீங்கள் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஆம் என்றோ இல்லை என்றோ. அவர் நின்று நின்று கால் வலிக்கும்.

இப்படிக்கு,
குப்புராஜ்


போபால்
10 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

இங்கே ஏரி தெரியாத அளவுக்குப் பனி. பத்து மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

முன்பு எழுதிய கடிதத்தில் உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னியுங்கள்.

உங்கள் வரியை எழுத உட்கார்ந்தேன். 'வந்தவர்' என்று எழுதினேன். பேனா அதற்கு மேல் போகவில்லை. பொய் சொல்லவில்லை, காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம் என்று எழுதினால், விருப்பமில்லாத ஒரு பெண்ணைக் கதவைத் திற என்று சொல்கிறேன். இல்லை என்று எழுதினால், திரும்பி வருகிறவர் யாருமே போனவர் இல்லை என்று நானே சொன்னது போல் ஆகிறது. அப்புறம் அம்மா நீட்டுகிற மனுவில் கையெழுத்துப் போடாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

கட்டுரையும் கணக்கும் அச்சாகிக் குழுவிடம் போய்விட்டன. இனி மாற்றினால் சார் விடமாட்டார். இரண்டு வருஷ உழைப்பு, அண்ணா. ஜனவரி ஒன்பதாம் தேதி வாசிக்க வேண்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீங்கள் எதுவும் எழுதிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெரூஷா


பெரும்பாக்கம்
20 டிசம்பர் 2025

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பச்சையம்மா கிரில் கதவின் தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் திரும்பவில்லை. தோளைத் தட்டிய பிறகுதான் என்னைத் தெரிந்தது. ஜனவரி வரை தாங்காது.

அவரிடம் கேட்டேன். இத்தனை நாள் பிளாக் முழுக்க வாதாடியது, ஆனால் அவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "போவட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா சாவடிச்சுடாத. யார் வூட்டாளோ, அங்க யார் தேடிகினு கீறாங்களோ" என்றார்.

ஒரு தாளை எடுத்து, அச்சு முடிகிற இடத்தில், 'வாதிடுக' என்பதற்குக் கீழே எழுதினேன். படியில் உட்கார்ந்து, முழங்காலில் பலகை வைத்து, வந்தவர் பார்க்கவே எழுதினேன். ரொம்ப நேரம் ஆயிற்று. இதுதான் எழுதியது:

'வந்தவர் பச்சையம்மாவின் கணவர் இல்லை. அவர் வேறு வீட்டுக்காரர். அந்த வீட்டில் அவரைத் தேடுகிறார்கள்.'

படித்துக் காட்டினேன். உரக்கத்தான் படித்தேன். வெட்கம் வரவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. பசி எடுத்தவன் முகம் போல இருந்தது.

"எந்த வீடு?" என்றார்.

 அதை நான் யோசிக்கவில்லையே.

"தெரியலபா."

"எழுது."

பியூலா டீச்சர் எனக்கு விலாசம் எழுதப் பழக்கியது உங்களுக்குக் கடிதம் போடத்தான். எனக்கு எழுதத் தெரிந்த விலாசம் இரண்டு. ஒன்று நாங்கள் நின்றுகொண்டிருந்த பிளாக். இன்னொன்றை எழுதினேன்.

மேடம், தப்பு என்றால் என்னைத் திட்டுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவரைத் தேடுகிறீர்கள் என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

அவர் பார்த்தார், தலையாட்டினார், மேடவாக்கம் பக்கமாக நடந்தார். பஸ் வந்தது, ஏறவில்லை. பால்காரரும் அயர்ன் கடைக்காரரும் பேச்சை நடுவில் விட்டுவிட்டு, தூங்கி எழுந்தவர்கள் மாதிரி விழித்தார்கள். "இன்னா பேசிகினு இருந்தோம்?" என்று என்னைக் கேட்டார்கள்.

உங்கள் ஊருக்கு நடந்தே வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவைக்கலாம் என்று இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன்.

இப்படிக்கு,
குப்புராஜ்


போபால்
12 ஜனவரி 2026

அன்புள்ள குப்புராஜ் அண்ணா,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்து வந்தது. இரண்டு நாள் உங்கள்மேல் ஆத்திரம். அப்புறம் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டுரையைத் தொடவில்லை.

ஏழாம் தேதி பிற்பகல் கேட்டிலிருந்து போன் வந்தது. உங்களைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், பெயர் கேட்டால் நீங்கள் சொல்வீர்கள் என்கிறார், என்ன எழுத என்று இந்த ஊர் வாட்ச்மேன் கேட்டார்.

இறங்கிப் போனேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அதே கோடு போட்ட சட்டை. வலது கையில் மடித்த துணிப்பை. அண்ணா, அவருக்கு ஒரு நாள் கூட வயது ஆகவில்லை. தலையில் அன்று இருந்த அதே நரைதான். எனக்கு மட்டும் ஒன்பது வயது கூடியிருந்தது. பனிக்குள்ளே நின்றார், ஆனால் மூச்சு விடும்போது அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் எழுந்தது. உங்கள் பச்சையம்மா தாழ்ப்பாள்மேல் கை வைத்தது ஞாபகம் வந்தது. நின்றுவிட்டேன்.

"சாப்ட்டீங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"நீதாம்மா சொல்லணும்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்பது வருஷமாக இவரைச் சாப்பிட விடவில்லை, உட்கார விடவில்லை, வரவும் விடவில்லை, போகவும் விடவில்லை. இரண்டு தரப்பும் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு வரி எழுத மனம் வராமல் மனுஷனைப் படியடியில் நிற்க வைத்துவிட்டு, அதைப் பாடமாக நடத்திப் பாராட்டு வாங்கினேன்.

"நீங்க அன்னைக்கே போய்ட்டீங்கப்பா" என்றேன்.

"எங்க?"

"பல்லாவரத்துலேர்ந்து திரும்பி வர்ற வழியில. சட்டுனு. வலி தெரியாம."

"நிச்சயமா?"

எனக்கு எப்படித் தெரியும், அண்ணா? எந்தச் சாட்சியும் இல்லை. "நிச்சயம்" என்றேன்.

அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். தண்ணீர் கேட்டார். வாட்ச்மேனின் பாட்டிலை வாங்கிக் கொடுத்தேன், முழுவதையும் குடித்தார். குடித்து முடித்ததும் வாயிலிருந்து ஆவி வந்தது. பையைத் தட்டி மடித்துக்கொண்டு எழுந்தார்.

"போறேம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம். உங்கள் வீட்டிலும் சொல்ல மாட்டீர்கள். கடைக்குப் போனாலும் வரேன் என்றுதான் சொல்வோம். அவர் போறேன் என்றார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபடி, "சரிப்பா" என்றேன். பனிக்குள் போகிறவரை பார்த்தேன்.

அம்மா அனுப்பி வைத்திருந்த மனுவில் அன்றே கையெழுத்துப் போட்டு அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அம்மா போன் செய்தார். ரொம்ப நேரம் அழுதார். நானும்.

ஒன்பதாம் தேதி வாசித்தேன். குழுவில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். அவர் கணக்கைப் புரட்டிவிட்டு, "விடையை நீங்களே கடைசியில் போட்டுவிட்டீர்களே?" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'வாதிடுக' என்பதற்குக் கீழே மூன்று வரி. உங்கள் மூன்று வரி, கீழே என் விலாசம், எல்லாம் அச்சில். எல்லார் கையில் இருந்த பிரதியிலும். ஷ்யாம்சுந்தர் சார் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டம் முடிந்ததும், "கேள்வியைக் கொன்னுட்டியேம்மா" என்றார். வேலை எனக்கு இல்லை. மார்ச்சில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலையூர் வருகிறேன். வேறு கல்லூரி, வேறு ஃபெலோஷிப், பார்க்கலாம். தூக்கம் வருகிறது, அண்ணா. எவ்வளவு நாளாயிற்று.

அன்புடன்,
ஜெரூஷா


பெரும்பாக்கம்
25 ஜனவரி 2026

மரியாதைக்குரிய ஜெரூஷா மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் படித்தேன். சேலையூருக்குப் போய் உங்கள் தாயார் ஹில்டா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பலகையில் வீட்டு எண்ணை நானே படித்துக் கண்டுபிடித்தேன். அவர் உங்கள் அப்பாவின் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார்.

பச்சையம்மா மீன் விற்கப் போகிறார். படியடியில் இப்போது ஒரு பூனை படுத்திருக்கிறது. காலேப் பழையபடி இந்தப் பக்கமே வருகிறார்.

நீங்கள் எழுதியதும் மிச்சத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த மூன்று வரி அச்சாக இருக்கிறது. நான் கையால் எழுதிய தாளையும் தேடினேன். என் கோணல் எழுத்து எங்கேயும் இல்லை. எல்லாம் அச்சு. உங்கள் விலாசமும் அச்சு.

பியூலா டீச்சர் வகுப்பில், உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் எழுதுங்கள் என்கிறார். மற்றவர்கள் சரசரவென்று எழுதுகிறார்கள். நான் முன்பை விட மெதுவாகிவிட்டேன். ஒரு வார்த்தை எழுதும் முன்னால் அது நடந்தால் பரவாயில்லையா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். டீச்சர் கேலி செய்கிறார். சந்தோஷத்துக்குக் குறைவில்லை மேடம். உப்பு பாக்கெட்டை இன்னும் படிக்கிறேன். உப்பு என்று ஏன் எழுதினார்கள் என்று இப்போது சிரிப்பதில்லை.

அதனால் இந்தக் கடிதத்தில் அளந்துதான் எழுதுகிறேன். ஜெரூஷா மேடம் நலம். ஜெரூஷா மேடத்துக்கு நல்ல கல்லூரியில் வேலை கிடைக்கிறது. ஹில்டா அம்மா நலம், அவர் வீட்டுக் கூரை ஒழுகவில்லை. பச்சையம்மா நலம், அவர் கதவை அவருக்குத் தெரிந்தவர்கள் மட்டும் தட்டுகிறார்கள். பியூலா டீச்சர் நலம். காலேப் நலம். கிறிஸ்டியின் தம்பியைப் பற்றி என்ன எழுதுவது என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்காமல் எழுத மாட்டேன்.

பெரிய எழுத்தாக எழுதியதில் தாள் முடிந்துவிட்டது. நான் நலம் என்று எழுத இடமில்லை, கையெழுத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. பரவாயில்லை.

குப்புராஜ்